போதும் என்ற மனம் யாருக்கு வேண்டும்?

கோவைக்காரர்களுக்கு ஆலை முதலாளியின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. பங்களா, கார், தோட்டம், வேலையாட்கள்! அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கதர் கட்டிக்கொண்டு ஆசிரமத்தில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று சொல்லும்!

அப்படி ஒருவர் இருந்தார். அவர் பெயர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்தில் அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர்.

அண்ணனும் தம்பியும்

அவருக்கு நண்பர், ஏசுதாசன் என்ற தமிழ் டாக்டர். ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள திருப்பத்தூரில், 1921-ம் ஆண்டு இருவரும் சேர்ந்து "கிறிஸ்துகுல ஆசிரம"த்தைத் தொடங்கினார்கள். இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடை, சைவ உணவு, ஏழைகளுக்கு வைத்தியம். இதுதான் அவர்கள் வாழ்க்கை.

ஏசுதாசனை "பெரியண்ணன்" என்றும், பேட்டனை "சின்னண்ணன்" என்றும் மக்கள் அழைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் நாட்டை ஆண்ட காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தார்!

1932-ல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்தது. அங்கே கதர் உடையில் நின்ற பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். லண்டன் பாராளுமன்றம் வரை அந்தச் செய்தி போயிற்று.

யாருக்கு உபதேசம்?

"போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்கிறோம். அதை யாரிடம் சொல்கிறோம்? கூலி உயர்வு கேட்பவனிடம்! அது தவறு. வயிறு நிறையாதவனிடம் "போதும் என்று இரு" என்பது உபதேசம் அல்ல; கொடுமை. அந்த மருந்து, இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டிய மருந்து. பேட்டன் சாப்பிட்டார். அவர் விட்டது ஏழைக்கு வைத்தியமாகக் கிடைத்தது.

இன்று என்ன நடக்கிறது? ஆடி வந்தால் தள்ளுபடி. தீபாவளி வந்தால் ஒப்பணக்கார வீதியில் நடக்க இடம் இல்லை. கைப்பேசியைத் தொட்டால் கடையே வீட்டுக்கு வருகிறது. சம்பளம் வருமுன் தவணை வந்து நிற்கிறது! மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்தநாளுக்கும் கடன் வாங்கித் துணி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கற்றுத்தந்த ஜெபத்தில் பொருளாகக் கேட்பதோ அன்றாட உணவு மட்டுமே!

"எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் திருப்பூர் பனியன் தொழிலாளி என்ன ஆவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேவைக்கு வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அளவில்லாமல் வாங்குவதற்கும் ஒரு விலை உண்டு. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டது. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போதும் வேலை இழந்து தவித்தவன் தொழிலாளிதானே?

எல்லோரும் ஆசிரமத்துக்குப் போக வேண்டாம். கடைப்படி ஏறுமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது எனக்குத் தேவையா, அல்லது பக்கத்து வீட்டார் பார்ப்பதற்கா?"

பார்ப்பதற்கு என்றால் திரும்பி வாருங்கள். அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கு ஆகும். மிஞ்சினால், இல்லாதவருக்கு ஒரு வேளை மருந்துக்கு ஆகும்.