சிறியவர்களுக்குச் சங்கமே வேலி

அமெரிக்காவில் ஓரிருவர் அமர்ந்து செல்லும் சிறு விமானங்கள் ஏராளம். வயலுக்குப் பூச்சி மருந்து தெளிப்பவையும், பண்ணைக்காரர்கள் சொந்தமாக வைத்திருப்பவையும் இவற்றில் அடங்கும். விமானத்திலிருந்து மருந்து தூவும் முறையே 1921-ல் அந்நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மரத்தோப்பில்தான் தொடங்கியது.

இந்தச் சிறு விமானக்காரர்களின் நலன் காக்க 1939-ல் விமான உடைமையாளர், விமானிகள் சங்கம் அமைந்தது. உறுப்பினர் செலுத்தும் ஆண்டுச் சந்தாவே இதன் பலம்.

வரியே கூடாது என்று இச்சங்கம் வாதிடவில்லை. பெட்ரோல் விலையோடு வரி கட்டிவிடும்போது, பறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம் ஏன் என்றே கேட்கிறது. வானிலை கேட்கவும் காசு என்றால் சிலர் கேட்காமலே கிளம்பிவிடுவர்; உயிருக்கு ஆபத்து. இது நியாயமான வாதம்.

ஆனால் சங்கம் இருந்தும் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. சிகாகோ நகரில் ஏரிக்கரையில் மெய்க்ஸ் என்ற சிறு விமான நிலையம் இருந்தது. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவின் பேரில் புல்டோசர்கள் புகுந்து ஓடுபாதையைப் பெயர்த்துவிட்டன. முன்னறிவிப்பு கிடையாது. அங்கே நின்ற விமானங்கள் பக்கப் பாதையிலிருந்து கிளம்ப நேர்ந்தது.

சங்கம் வாளாவிருக்கவில்லை, வாஷிங்டன் வரை முறையிட்டது. 30 நாள் முன்னறிவிப்புத் தராததற்கு நாளொன்றுக்கு 1,100 டாலர் வீதம் நகராட்சிக்கு 33,000 டாலர் அபராதம் விழுந்தது. விமான நிலைய நிதியிலிருந்து எடுத்த 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டவும் 2006-ல் நகராட்சி இசைந்தது. இத்தகைய குற்றத்துக்கு அபராதம் நாளொன்றுக்கு 10,000 டாலராக உயர்த்தப்பட்டு 2003-லேயே சட்டமும் வந்தது. பிற ஊர்களின் விமான நிலையங்களுக்கு அது காவல். மெய்க்ஸ் மட்டும் திரும்பவில்லை. இன்று அவ்விடம் பூங்கா.

பறிபோன பின் பெறும் நீதி பாதி நீதியே. பல விமான நிலையங்களில் இச்சங்கத்தின் தொண்டர்கள் இருந்து, ஊரில் எழும் பேச்சை முன்கூட்டியே தெரிவிக்கின்றனர். சங்கத்தின் உண்மையான வேலை இதுதான்.

சிறு விவசாயிகளும் இதைச் சிந்திக்க வேண்டும். வாய்க்காலோ மேய்ச்சல் தரையோ கைவிட்டுப் போன பிறகு கூட்டம் கூடிப் பயனில்லை. தொல்லை இல்லாத நாளிலும் சந்தா கட்டி, கூட்டத்துக்குப் போய், கணக்குக் கேட்டு நடத்தும் சங்கமே ஆபத்தில் கை கொடுக்கும். வெள்ளாமை விளையுமுன்பே வேலி போட வேண்டும்.