விடுமுறை இல்லாத தொழுவம்

எங்கள் ஊருக்குப் போகும் வழியில் மூன்று மாட்டுக் கொட்டகைகள் காலியாகக் கிடக்கின்றன. மூன்றும் கரோனா ஊரடங்கின்போது நகரத்து வேலையை விட்டுத் திரும்பிய இளைஞர்கள் சேமிப்பைக் கொட்டிக் கட்டியவை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, பால் கறக்கும் இயந்திரம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஊர் பேசுவது அநியாயம். முதலில் மாட்டை வாங்கிவிட்டு, பிறகு தீவனத்தைத் தேடினார்கள். தவறு அந்த வரிசையில் இருக்கிறது. வருந்தத்தக்க வகையில், அரசின் திட்டங்களும் அதே வரிசையில்தான் போகின்றன.

கணக்கைப் பார்ப்போம். நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம், ஐந்தாறு கிலோ வைக்கோலோ சோளத்தட்டோ வேண்டும். அடர்தீவனத்தில் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று மொத்தம் ஐந்தரை கிலோ. 2023 டிசம்பரில் பசும்பாலின் அரசுக் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்ந்து 38 ரூபாய் ஆனது. அந்த விலையில் பத்து லிட்டருக்கு 380 ரூபாய். கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் அதுவும் குறையும். சொந்தக் காட்டில் புல் அறுப்பவருக்கு இதில் ஏதோ மிஞ்சும். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குபவர் மாட்டுக்கு வேலை பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்த 380 ரூபாயும் ஆண்டு முழுக்க வராது. கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் கறவையை நிறுத்தியாக வேண்டும். மாடு பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒருமுறை. அந்த அறிகுறி நீடிப்பது பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. இரவில் கத்தி, கண்ணாடிபோல் சளி ஒழுக்கி, விடிவதற்குள் அடங்கிவிட்டால் சினை ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் தீவனத் தொட்டி நிறைந்தே இருக்க வேண்டும். ஓர் இரவு கண்ணயர்ந்ததன் விலை அது.

இந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அது வீட்டுப் பெண்களின் உழைப்பு. என் அம்மா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாலைக் கறவைக்குள் திரும்பிவிடுவார். வேறு யாராவது மடியில் கை வைத்தால் எங்கள் பசு பாலை அடக்கிக்கொள்ளும். காய்ச்சலோடும் அதிகாலை நாலரை மணிக்குச் சாணி வாரியிருக்கிறார். அந்தக் கைகளுக்குக் கூலி போட்டால் பெரும்பாலான வீட்டுத் தொழுவங்கள் நட்டத்தில்தான் நிற்கும்.

முதலில் மாடு, பிறகு தீவனம் என்ற வரிசை கொங்கு நாட்டில் வேறாக இருந்தது. காங்கேயம் மாடுகளை வளர்த்தது கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். வானம் பார்த்த பூமியில் மழைக்குப் புல் தழைக்கும். புல் காய்ந்த கோடையில் வெள்வேலக் காய் தீவனமாகும். வேலிக்குள் விட்ட மாட்டுக்கு மேய்ப்பவர்கூடத் தேவையில்லை. ஒரு பகுதியில் மேயவிட்டு மறு பகுதியை ஆறப்போடுவார்கள். முதலில் நிலத்தை வளர்த்தார்கள், அந்த நிலம் தாங்கும் அளவுக்கே மாடு கட்டினார்கள்.

நிலமே இல்லாதவர்களுக்கு ஊர்ப் பொதுநிலம்தான் கொரங்காடு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாடுகள் 95.19 லட்சம், வெள்ளாடுகள் 98.88 லட்சம். ஆடு வளர்ப்போரில் நிலமற்றவர்கள் ஏராளம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு வழங்கும் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகளைக் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால், அந்த நான்கும் மேய வேண்டிய மேய்க்கால் புறம்போக்கு ஊருக்கு ஊர் ஆக்கிரமிப்பிலும் கட்டடங்களிலும் கரைந்துகொண்டிருக்கிறது. ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் பெண்ணுக்கு அரசு பாதி உதவிதான் செய்திருக்கிறது.

மீதிப் பாதியை இனியாவது செய்ய வேண்டும். முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியிலும் மேய்க்கால் புறம்போக்கை அளந்து மீட்டு, தீவன மரமும் புல்லும் வளர்த்து, மேய்ப்பவர்களிடமே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அடுத்தது மருத்துவம். 1962 எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தி நல்ல தொடக்கம். ஆனால், கன்று குறுக்கே சிக்கிக்கொள்வதும் வயிறு உப்புவதும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. ஒன்றியத்துக்கு ஒரு கால்நடை மருத்துவராவது இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, பால் விலையை நிர்ணயிக்கும்போது கறக்கும் கைகளின் கூலியையும் செலவில் சேர்க்க வேண்டும்.

ஊருக்குத் திரும்ப நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாருங்கள், ஊருக்கு நீங்கள் வேண்டும். ஆனால், சந்தைக்குப் போகும் முன் ஒரு பருவம் தீவனம் விதைத்து அறுத்துப் பாருங்கள். தெரிந்தவர் தொழுவத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சாணி அள்ளுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பினால், ஒரே ஒரு பசுவோடு தொடங்குங்கள்.