தளிக்கு உதகையின் கதி வேண்டாம்

வாரமெல்லாம் ஆலைகளில் உழைக்கும் ஓசூர் ஜனங்கள், 'குட்டி இங்கிலாந்து' எனப் பெயர் பெற்ற தளியின் குளிர்ச்சியையும், தேன்கனிக்கோட்டைக் காடுகளையும், ஒகேனக்கல் அருவியையும் நாடுவது நியாயமே; அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் உதகையின் கதி இங்கும் நேரலாகாது.

1848-ல் தாவரவியல் தோட்டம் கண்ட உதகைக்கு, 2024 மே 7 முதல் வாகனங்கள் செல்ல இ-பாஸ் அவசியமாயிற்று. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. கூட்டம் பெருகிய பின் தேடிய பரிகாரம் இது.

காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லேயே அமைந்தது உண்மையே. எனினும் கர்நாடகத்துப் பன்னார்கட்டாவிலிருந்து தளிப் பக்கம் வரும் யானைகள், சரணாலயத்தின் எல்லையையோ ராஜ்யத்தின் எல்லையையோ அறியா. விடுதிகள் எழுமுன்னரே இரு சர்க்கார்களும் கலந்து யானைப் பாதைகளைக் குறித்து, அங்கே கட்டடம் கூடாதென விதிக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே விவேகம்.