வலியைச் சகிக்கச் சொல்வது மருத்துவமல்ல

மும்பை பரேலில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசிய இனப்பெருக்க மற்றும் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம், எண்டோமெட்ரியோசிஸ் நோய் இந்தியப் பெண்களிடையே கொண்டுள்ள தன்மையையும் அதன் மரபணுக் காரணங்களையும் நாட்டின் பல மருத்துவ மையங்களோடு இணைந்து ஆராய்ந்து வருகிறது. வரவேற்கத்தக்க பணி. அந்நிறுவனத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தாராவி. அங்கே தையற்கூடங்களிலும் தோல் பட்டறைகளிலும் உழைக்கும் பெண்களும், மாதுங்கா, செம்பூர் அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் இந்த ஆய்வின் பயனை எப்போது காண்பார்கள்?

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் இடுப்புக்குழியிலும் குடலின் மீதும் வளர்வதே இந்நோய். மாதந்தோறும் தாங்கவொண்ணா வலி, ஓயாத சோர்வு, பலருக்கு மகப்பேறின்மை என்பவை இதன் விளைவுகள். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர், அதாவது உலகில் 19 கோடிப் பேர், இதற்கு ஆளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் இன்னதென்று அறியவே 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகின்றன. "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்ற ஒரே பதிலில் அத்தனை ஆண்டுகளும் கரைந்து போகின்றன.

மாதவிடாய்க் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்வதால் இந்நோய் தோன்றுகிறது என அமெரிக்க மருத்துவர் சாம்ப்சன் 1927இல் விளக்கினார். ஒரு நூற்றாண்டு நெருங்கிய பின்னும் முழுக் காரணம் தெரியவில்லை. முற்றாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் வலியைத் தணிக்கும். நிறுத்தினால் வலி திரும்பக்கூடும். குழந்தை வேண்டுவோர்க்கு அவை உதவுவதில்லை. நுண்துளை அறுவைச் சிகிச்சையில் திசுவை அகற்றினாலும் நோய் மீண்டும் தலைதூக்கலாம். உயிரைப் பறிக்காமல் உழைப்பை மட்டும் பறிக்கும் பெண்களின் நோய்க்குப் பணம் ஒதுக்க மருந்து முதலாளிகளுக்கு அவசரமில்லை. அரசுக்குமா இல்லை?

நோயைத் தேடாத மருத்துவம் உறுப்பை வெட்டுகிறது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண் தொழிலாளர்கள் 82,309 பேரிடம் 2019இல் நடந்த கணக்கெடுப்பில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம். வலியென்று தனியார் மருத்துவமனைக்குப் போனால் கத்தி. அவர்கள் அனைவருக்கும் இந்நோய் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. வலியோடு வரும் ஏழைப் பெண்ணை இந்நாட்டு மருத்துவ வணிகம் எப்படி நடத்துகிறது என்பதற்கு அதுவே சான்று. கருப்பையை எடுத்தாலும் வெளியே படர்ந்த திசு எஞ்சியிருந்தால் வலி தொடரக்கூடும். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை நடைமுறைப்படுத்துமாறு 2023இல் உச்சநீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது.

அதே ஆண்டு டிசம்பரில், அன்றைய ஒன்றிய அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஊனமல்ல, ஊதியத்துடன் கூடிய விடுப்புக்குக் கொள்கை தேவையில்லை என்று மாநிலங்களவையில் கூறினார். மாதவிடாய் ஊனமென்று யாரும் சொல்லவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் நோய், நோய்க்கு விடுப்பு தொழிலாளியின் உரிமை. பீகார் அரசுப் பெண் ஊழியர்கள் மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பை 1992லேயே பெற்றுவிட்டனர். தினக்கூலிப் பெண்ணுக்கோ விடுப்பென்றாலே கூலி இழப்புதான்.

ஆஸ்திரேலியா 2018இல் இந்நோய்க்கெனத் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. இங்கோ, 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் பொதுச் சுகாதாரத்துக்கு என்று 2017இல் வகுத்த இலக்கையே மோடி அரசு எட்டவில்லை. ஆய்வு நிறுவனத்துக்கு நிதியை உயர்த்த வேண்டும். ஹார்மோன் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சயான் மருத்துவமனையிலும் தாராவி நகர்ப்புற நலமையத்திலும், பயிற்சி பெற்ற மருத்துவர்களும் ஸ்கேன் வசதியும் கொண்ட தனிப் புறநோயாளர் பிரிவு, வாரத்தில் ஒரு நாளேனும், வேலை முடித்து வரும் பெண்களுக்காக மாலையில் திறந்திருக்க வேண்டும்.