பெயர் சொல்லி அழைத்த காவியம்

சாங்கி வில்லேஜ் சாலையில் ஸ்ரீ இராமபிரான் கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார். இராமநவமி கொண்டாடும் பக்தப் பெருமக்கள் இக்கருத்தையும் சிந்திக்க வேண்டுகிறேன்.

இராமாயணம் வானரங்களை வெறும் கூட்டமாகக் காட்டவில்லை. வாலியின் சினம், சுக்கிரீவனின் அச்சம், அங்கதனின் துயரம், அனுமனின் அடக்கம் என ஒவ்வொருவருக்கும் தனித்த பெயரும் உள்ளமும் உண்டு. கழுகரசன் ஜடாயுவைத் தந்தையாகவே கருதி, இராமபிரான் ஈமக்கடன் செய்தார்.

1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கிய ஜேன் குடால் அம்மையார், அவற்றுக்கு எண் இடாமல் பெயர் சூட்டினார். அறிஞர் பலர் அதைக் குறை கூறினர். விலங்குகளுக்கும் தனிக்குணமும் உணர்வும் உண்டென்பதை இன்று அறிவியலுலகம் பெரிதும் ஏற்றுக்கொள்கிறது.

சாங்கியின் மரங்களிலேயே இருவாச்சிப் பறவைகளைக் காணலாம். சிங்கப்பூரை விட்டு 19ஆம் நூற்றாண்டில் மறைந்த இவ்வினம், 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் சிறு துளை வழியாக இரை ஊட்டும். அதன் உள்ளத்தை அளக்க நம்மால் இயலாது. ஆயினும் அது வெறும் பொறியன்று என்பது தெளிவு.

இந்நிலையில் ஒரு பழக்கத்தைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அமாவாசையன்று காகத்திற்குச் சோறும், புறாக்களுக்குத் தானியமும், குரங்குகளுக்குப் பழமும் வைப்பதை நம்மவர் புண்ணியமாகக் கருதுகின்றனர். 2020 ஜூன் முதல் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது இங்குக் குற்றமாகும். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். சட்டம் தர்மத்தைத் தடுக்கிறதே என்று சிலர் வருந்துகின்றனர்.

அவ்வாறு கருத வேண்டியதில்லை என்பது அடியேனின் தாழ்மையான கருத்து. மனிதர் கையால் உண்டு பழகிய குரங்கு, நாளடைவில் பைகளைப் பறிக்கிறது. மக்கள் புகார் செய்கின்றனர். முடிவில் பிடிபட்டு உயிரையும் இழக்க நேரிடுகிறது. அதன் குட்டி, தாயிடம் கனி தேடக் கற்பதற்கு மாறாக, மனிதரிடம் கையேந்தக் கற்கிறது. புண்ணியம் நமக்கு, துன்பம் அதற்கு என்றால் அதனைத் தர்மம் என்று கூறலாமா?

அமாவாசைப் படையலை இல்லத்தில் இறைவன் திருமுன் வைத்து வணங்குவோம். தானியத்திற்குச் செலவிடும் பணத்தை ஆலய அன்னதானத்திற்கு அளிப்போம். ஜடாயுவிடம் இராமபிரான் காட்டியது இரக்கம் மட்டுமன்று, மரியாதையும் ஆகும். அம்மரியாதையை நாமும் வாயில்லா ஜீவன்களுக்கு வழங்குவோமாக.