ரெண்டு டிஸ்க்கும் ஒரே வீட்ல இருந்தா?

இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதனால ஒரு பதிவு. பொட்டி தட்டுறவன் எழுதுறதுன்னு பயந்து ஓடிடாதீங்க, கருப்புத் திரையில கட்டளை எல்லாம் அடிக்கச் சொல்ல மாட்டேன் :-)

கடலூர்லயும் சிதம்பரத்துலயும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே, இதைக் கொஞ்சம் பாரேன்"னு ஒரு வேலை எப்பவும் தயாரா இருக்கும். முதல்ல பிரிண்டர். அப்புறம் வை-ஃபை. இப்போ வீட்டு ஃபைல் சர்வர். ரெண்டு டிஸ்க் போடுற மாதிரி ஒரு சின்னப் பெட்டி, இல்லன்னா பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ். ரெண்டு டிஸ்க்கையும் மிரர் பண்ணி, குடும்பத்துப் போட்டோ, கல்யாண வீடியோ, பத்திரம் ஸ்கேன், பசங்க சர்ட்டிஃபிகேட் எல்லாத்தையும் அதுல போட்டு வைக்கிறாங்க.

இதுவரைக்கும் சந்தோஷம். அதுக்கப்புறம் சொல்றாங்க பாருங்க ஒண்ணு: "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல, இனிமே கவலையே இல்ல". சொல்லிட்டு போன்ல இருக்கறதை அழிக்கிறாங்க, பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்ச்ல போடுறாங்க, டிவிடி எல்லாம் காயலான் கடைக்குப் போகுது. அதாவது மிரர் வர்றதுக்கு முன்னாடி நாலு இடத்துல இருந்த போட்டோ, மிரர் வந்த பிறகு ஒரே இடத்துல இருக்கு. பாதுகாப்பு கூடிச்சா குறைஞ்சுதா, நீங்களே சொல்லுங்க.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். வீட்டுக்கு ரெண்டே ரெண்டு டிஸ்க் வாங்கத்தான் காசு இருக்குன்னா, ரெண்டையும் ஒரே பெட்டியில மிரர் பண்ணாதீங்க. ஒண்ணு கடலூர்ல இருக்கட்டும், ஒண்ணு சிதம்பரத்துல இருக்கட்டும். மூணாவது டிஸ்க் வாங்க வசதி வரும்போது மிரரைப் பத்தி யோசிங்க.

மிரர்னா என்ன? கண்ணாடி. நீங்க கையைத் தூக்கினா அதுவும் தூக்கும், கீழே விழுந்தா அதுவும் விழும். 1988ல கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையிலதான் 'ரெய்டு'ங்கற பேர் பிரபலமாச்சு. விலை கம்மியான டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒண்ணு செத்தாலும் வேலை நிக்காம பார்த்துக்கறதுதான் சமாச்சாரம். "வேலை நிக்காம" - இந்த வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. ஆஸ்பத்திரிக்கு அது வேணும், பேங்க்குக்கு வேணும். நம்ம வீட்டுப் போட்டோ ரெண்டு நாள் திறக்கலைன்னா யார் குடி முழுகிப் போகுது? நமக்கு வேண்டியது, என்ன ஆனாலும் அது காணாமப் போகக் கூடாது. இது வேற தேவை, அது வேற தேவை.

மிரர் காப்பாத்துறது ஒரே ஒரு ஆபத்துல இருந்து: ஒரு டிஸ்க் மட்டும் செத்துப் போறது. மத்ததைப் பாருங்க. தப்பா அழிச்சீங்களா? ரெண்டுலயும் அழியும், அதே நொடியில. 2017 மே மாசம் ஊரையே கலக்கின வான்னாக்ரை மாதிரி ஒண்ணு வந்து எல்லாத்தையும் பூட்டிட்டுக் காசு கேட்டா? ரெண்டுலயும் பூட்டும். இடி விழுந்து பவர் சப்ளை போச்சா? ரெண்டுக்கும் ஒரே பவர் சப்ளைதான். திருடன் பெட்டியைத் தூக்கினா, ஒரு டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டா போவான்?

நம்ம பதிவர்களுக்குச் சொல்லவே ஒரு கதை இருக்கு. ஜர்னல்ஸ்பேஸ்னு ஒரு அமெரிக்க வலைப்பதிவு சேவை. பல வருஷமா ஜனங்க எழுதிக்கிட்டு இருந்த இடம். 2008 கடைசியில அதோட டேட்டாபேஸ் மொத்தமும் மேலெழுதப்பட்டு அழிஞ்சு போச்சு. பேக்கப்னு அவங்க நம்பியிருந்தது மிரர்ல இருந்த அந்த இன்னொரு டிஸ்க்கைத்தான். முதல் டிஸ்க்ல நடந்தது அப்படியே ரெண்டாவதுலயும் நடந்துச்சு. டேட்டா மீட்கிறவங்க கிட்ட கொடுத்தும் ஒண்ணும் வரலை. 2009 ஜனவரியில கடையைச் சாத்தறோம்னு அறிவிச்சாங்க. மிரர் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது, அதான் கொடுமை.

நம்ம ஊர்லயும் சின்ன அளவுல நடக்கத்தான் செய்யுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு போட்டோகிராஃபர் அண்ணன், மிரர் போட்ட பெட்டி வெச்சிருந்தார். இடம் பத்தலைன்னு பழைய ஃபோல்டரை அழிக்கும்போது ஒரு கல்யாணத்தோட மொத்த வீடியோவும் சேர்ந்து போயிடுச்சு. ஆல்பம் மட்டும் ஏற்கெனவே பிரிண்ட் ஆகியிருந்துச்சு. அந்தப் பொண்ணோட தாத்தா, கல்யாணம் முடிஞ்ச அடுத்த மாசம் தவறிட்டார். அவர் பேசி வாழ்த்துனது அந்த வீடியோவுல மட்டும்தான் இருந்துச்சாம். "அவர் குரல் மட்டுமாவது கிடைக்குமா தம்பி"ன்னு அந்த வீட்டுக்காரங்க அவர்கிட்ட கேட்டாங்கன்னு சொன்னார். அதுக்கு யாரு என்ன பதில் சொல்ல முடியும்?

சரி, டிஸ்க் சாகறதைப் பத்தியும் கொஞ்சம். 2007ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஷ்ரோடர், கிப்சன்னு ரெண்டு பேர் (அந்த 1988 கிப்சனேதான்) சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளோட கணக்கைப் பார்த்தாங்க. கம்பெனிக்காரங்க தர்ற தாளை நம்பினா வருஷத்துக்கு 0.88 சதவீதத்துக்கு மேல சாகக் கூடாது. நிஜத்துல 2 முதல் 4 சதவீதம் மாத்த வேண்டி வந்திருக்கு, சில இடத்துல 13 சதவீதம் வரைக்கும். அதைவிட முக்கியம், ஒண்ணு செத்தா பக்கத்துலயே இன்னொண்ணு சாகறதுக்கான வாய்ப்பு நாம நினைக்கறதைவிட அதிகம். நாம என்ன பண்றோம்? ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரெண்டு வாங்கி, ஒரே சூட்டுல, ஒரே கரண்ட்ல ஓட விடறோம். ஒண்ணு செத்த பிறகு புதுசு போட்டா, உயிரோட இருக்கறதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சாகணும். 4 டெராபைட்டுக்கு நொடிக்கு 150 மெகாபைட்னு வெச்சாலும் ஏழரை மணி நேரம் ஆகும். (ஏழரைன்னு சும்மாவா சொன்னாங்க!)

இதுல கடலூர்க்காரங்க எந்த தைரியத்துல எல்லாத்தையும் ஒரே வீட்ல வைக்கிறாங்கன்னுதான் புரியலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போனாங்க. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோட சாஞ்சுது, கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்லை. 2015ல வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை ஊருக்குள்ள வந்துச்சு. இருபது வருஷத்துல நாலு தடவை. டிஸ்க் சாகறதுக்கு மட்டும் பயந்து மிரர் போடுறவங்க, தண்ணிக்கு என்ன பதில் வெச்சிருக்காங்க?

இத்தனைக்கும் இந்த விஷயம் நம்ம ஜனங்களுக்குத் தெரியாததே இல்லை. கல்யாண ஆல்பம் ரெண்டு போடுவோம். ஒண்ணு பொண்ணு வீட்டுக்கு, ஒண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு. ரெண்டையும் ஒரே பீரோவுல வைக்கிறவங்களைப் பார்த்திருக்கீங்களா? சுனாமியில வீட்டோட ஆல்பம் போன சொந்தக்காரங்க எங்க குடும்பத்துல இருக்காங்க. அவங்க கல்யாணப் போட்டோன்னு இன்னிக்கு இருக்கறது எல்லாம் வெளியூர் சம்பந்தி வீட்ல இருந்து எடுத்துக் காப்பி போட்டதுதான். நிலப் பத்திரம் தொலைஞ்சா சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் வாங்குறோம். இதையெல்லாம் தலைமுறை தலைமுறையா செய்யற நாம, டிஸ்க்குன்னு வந்தா மட்டும் பக்கத்து பக்கத்துல படுக்க வெச்சுட்டுத் தூங்கப் போயிடறோம்.

சிதம்பரத்துக்காரங்களுக்கு இன்னும் பழைய பாடம் ஒண்ணு இருக்கு. திருமுறை கண்ட புராணம் சொல்ற கதை எல்லாருக்கும் தெரியும். தேவார ஏடுகளை தில்லைக் கோயில்ல ஒரு அறையில பூட்டி வெச்சிருந்தாங்க. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து கேட்டப்போ, பாடின மூவரும் வந்தாத்தான் திறக்கும்னு பதில் வந்துச்சு. ராஜா மூவரோட திருமேனிகளையே எழுந்தருளப் பண்ணித் திறக்க வெச்சார். உள்ளே பார்த்தா கரையான் புத்து. எண்ணெய் ஊத்தி எடுத்ததுல மிஞ்சினது கொஞ்சம்தான். இதுல எவ்வளவு வரலாறு எவ்வளவு புராணம்னு அறிஞர்கள் பேசட்டும். நான் பார்க்கறது ஒண்ணுதான். அந்த அறைக்குப் பூட்டு இருந்துச்சு, காவல் இருந்துச்சு. அதே மாதிரி இன்னும் பத்து கட்டு ஏடு அதே அறையில இருந்திருந்தா, அதையும் சேர்த்துத்தான் கரையான் தின்னிருக்கும்.

அதே தேவாரத்துல சம்பந்தரோட திருவிடைவாய்ப் பதிகம் எங்க கிடைச்சுது தெரியுமா? ஏட்டுல இல்லை. திருவிடைவாய் கோயில் கல்வெட்டுல, கடந்த நூற்றாண்டுலதான் கண்டெடுத்தாங்க. வேற ஊர்ல, வேற பொருள்ல யாரோ எடுத்து வெச்ச காப்பி. 1924 முதல் 1927 வரைக்கும் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில முதல்வரா இருந்த உ.வே.சா., 1887ல சிந்தாமணியையும் 1894ல புறநானூறையும் அச்சுல கொண்டு வந்தார்னா, அதுக்கு ஊர் ஊரா வேற வேற வீடுகள்ல ஏடு இருந்ததுதான் காரணம். ஒண்ணுல அரிச்ச எழுத்து இன்னொண்ணுல இருந்துச்சு.

"அப்போ மிரர் வேஸ்ட்டா தல?"ன்னு கேப்பீங்க. வேஸ்ட் இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் போட்டோ எடுத்துப் போட்டீங்க, ராத்திரி காப்பி போறதுக்குள்ள டிஸ்க் செத்துடுச்சுன்னா, மிரர்தான் காப்பாத்தும். போட்டோ ஸ்டுடியோ மாதிரி தொழில் பண்றவங்களுக்கு அது கண்டிப்பா வேணும். வீட்டுக்கு அது அடுத்த கட்டம், அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் கூகுள்ல போட்டா ஆச்சு"ங்கறவங்களுக்கு: போடுங்க, நல்ல காப்பிதான். ஆனா அது மட்டுமே போதாது. எத்தனை போட்டோ வேணா இலவசம்னு இருந்தது 2021 ஜூன் 1ஓட முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி 2009 அக்டோபர்ல யாஹூ ஜியோசிட்டீஸ் மூடினப்போ எத்தனை தமிழ்ப் பக்கங்கள் அதோட போச்சுன்னு பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. அடுத்தவன் கடை, அவன் சாத்தும்போது சாத்துவான்.

நான் எங்க வீட்ல செஞ்சிருக்கறது இவ்வளவுதான். கடலூர் வீட்ல ஒரு பெட்டி, சிதம்பரத்துல சித்தப்பா வீட்ல ஒரு பெட்டி. முதல் காப்பியை இன்டர்நெட்ல அனுப்பலை. 100 மெகாபிட் லைன்ல 4 டெராபைட் போக மூணே முக்கால் நாள் ஆகும். டிஸ்க்கைத் துண்டுல சுத்திப் பையில வெச்சு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி ஒன்றரை மணி நேரம். கணக்குப் போட்டா நொடிக்கு 740 மெகாபைட். நம்ம டவுன் பஸ்ஸை அடிச்சுக்க எந்த ஃபைபராலயும் முடியாது :-)

அதுக்கப்புறம் தினமும் ராத்திரி மாறினது மட்டும் தானா போகுது. இங்க ஒரு எச்சரிக்கை. இங்க அழிச்சா அங்கயும் அழியற மாதிரி வெச்சீங்கன்னா, மிரரை 45 கிலோமீட்டர் தள்ளி வெச்ச கதைதான். பழைய நிலை குறைஞ்சது ஒரு மாசத்துக்காவது தங்கற மாதிரி வைங்க. அடுத்தவங்க வீட்ல இருக்கற டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணுங்க, பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி அம்மா கிட்ட கொடுங்க. நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பத்துக்குத் திறக்கத் தெரியணும் இல்லையா?

புயல் வந்தா கடலூர், சிதம்பரம் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வரும்ங்கறதும் நிஜம். அதனால மூணாவது காப்பி கடற்கரை இல்லாத ஊர்ல. என்னோடது பெங்களூர் ரூம்ல இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போகும்.

கடைசியா, காப்பி இருக்குன்னு நம்பறது பத்தாது, எடுத்துப் பார்க்கணும். 2017 ஜனவரி 31ல கிட்லேப் கம்பெனியில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாவை அழிச்சுட்டார். அஞ்சு விதமான பேக்கப் ஏற்பாடு வெச்சிருந்தாங்க, அவசரத்துக்குப் பார்த்தா ஒண்ணும் உருப்படியா இல்லை. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு காப்பி இருந்ததால தப்பிச்சாங்க. அத்தனை பெரிய ஆளுங்களுக்கே அந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்? மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சிதம்பரத்துக் காப்பியில இருந்து ஏதாவது ஒரு பழைய போட்டோவைத் திறந்து பாருங்க. திறந்தா அதை வாட்ஸப்ல குடும்பத்துக்கு அனுப்புங்க. அவங்களுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் டெஸ்ட் முடிஞ்சுது.

நீங்க யாரு வீட்ல ரெண்டாவது காப்பி வெச்சிருக்கீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படி ஒண்ணு இல்லைன்னா பின்னூட்டம் அப்புறம் போடலாம், முதல்ல அந்த வேலையைப் பாருங்க.

டிஸ்கி: உங்க வலைப்பதிவையும் மறக்காம எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. மொக்கைப் பதிவா இருந்தாலும் நாம எழுதினது இல்லையா!