கோடைப் பட்டறையும் கொடை மாதமும்

மே மாதம் பிறந்தால் சென்னை நடனப் பள்ளிகளில் சிறப்புப் பட்டறைகள் தொடங்கிவிடும். அரங்கேற்றம் முடித்து, மேடை ஏறிப் பழகியவர்களுக்கானவை இவை. மூத்த குருவிடம் புதிய உருப்படி, நட்டுவாங்கம், காயம் படாமல் ஆடும் முறை எனப் பலவும் கற்கலாம். தேர்ந்த கலைஞரும் தொடர்ந்து கற்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். அந்த எண்ணம் ஏன் சேரியின் எல்லையில் நின்றுவிடுகிறது என்பதே நம் கேள்வி.

பறையாட்டக் கலைஞரும் தொழில்முறை ஆடற்கலைஞரே. பறையைத் தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே இரவெல்லாம் ஆடுகிறார். சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி என அவருக்கும் பாடம் உண்டு. முழங்கால் வலியும் காது மந்தமும் அவருக்கும் உண்டு. ஆனால் அவரைத் 'தேர்ந்த கலைஞர்' என்று அழைத்துப் பயிற்சி தருவோர் அரிது.

அழைத்தாலும் மே மாதத்தில் அவரால் வர முடியாது. பங்குனி தொடங்கி வைகாசி வரை ஊர்த் திருவிழாக்களின் காலம். தென்மாவட்டங்களில் அம்மன் கோயில் கொடை நடக்கும் நேரம். ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கை அப்போதுதான் ஈட்டியாக வேண்டும். மற்றவர்களுக்குக் கோடை விடுமுறை, இவர்களுக்கு அறுவடை. நாள் குறிப்பதிலேயே யாருக்கான பட்டறை என்பது முடிவாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 1955இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்தவர் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் மிட்செல். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின், தாம் வளர்ந்த ஹார்லெம் பகுதிப் பிள்ளைகளுக்கே கற்பிக்க முடிவெடுத்தார். 1969இல் உருவான 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' உலகறிந்த குழுவாயிற்று. திறமையைத் தேடி அவர் தம் மக்களிடமே சென்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சதிர் பரதநாட்டியமாகி மேடையும் மதிப்பும் பெற்றபோது, அதைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பங்களின் பெண்கள் பெரும்பாலும் ஓரங்கட்டப்பட்டனர். இன்று நகரங்களில் கட்டணம் கட்டிப் பறை கற்கிறார்கள். மகிழ்ச்சி. கற்பிக்கும் இடத்தில் யார் நிற்கிறார், கட்டணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்போம்.

சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று போராடியவர்கள் நம் முன்னோர். அந்தப் போராட்டம் கட்டாய ஊழியத்துக்கு எதிரானது. கலையாக ஏற்பதும் தொழிலாக மறுப்பதும் கலைஞரின் உரிமை. எந்தப் பயிற்சியும் இந்த உரிமையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது ஒருவருக்கு, தேவை ஆயிரம் பேருக்கு. கலை பண்பாட்டுத் துறை செய்யக்கூடியது எளிது. தோல் தளர்ந்து, வாய்ப்பும் குறையும் ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் மாவட்டந்தோறும் பத்து நாள் பட்டறை நடத்தட்டும். பறை ஆசான்களே பயிற்றுநர்களாகட்டும். வருபவருக்கு நாள்கூலி இழப்பை ஈடுகட்டும் படி வேண்டும். பெண்களுக்குச் சம இடம் வேண்டும். அடிகளைப் பதிவு செய்வது, ஒப்பந்தம் எழுதுவது, காதையும் மூட்டையும் காப்பது எல்லாம் பாடமாகட்டும்.

பறையைத் தீயில் காய்ச்சிய பிறகுதான் அடிப்போம். கலைஞருக்கும் அந்தக் கதகதப்பு வேண்டும்.